அரைக் கோப்பைத் தேநீர்

மலாயாவின் அவசரகாலத்தில், புலாவ் செபாங் ரெஸ்ட் ஹவுஸில், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் நால்வருக்கு வெயிட்டர் வேலை பழக்கியவர் என்னைவிட இளையவர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, சப்பாத்துச் சத்தமே கேட்காத நடை. வந்தவரின் முகத்தைப் பார்க்கும் முன் கையைத்தான் பார்ப்பார்.

ஒரு காலை, வழியில் கம்யூனிஸ்டுகள் சுட்டதில் தப்பிய தோட்டத்துத் துரை ஒருவர் வந்து உட்கார்ந்தார். எஸ்டேட் வழக்கப்படி நான் கோப்பை ததும்பத் தேநீர் ஊற்றினேன். எங்களைப் பழக்கியவர் தடுத்து, பாதியைக் கொட்டிவிட்டார்.

“குறைச்சுக் குடுத்தா மரியாதையா தம்பி?”

“அவரு கை நடுங்குது அண்ணே. நம்ம முன்னால சிந்துனா அவருக்கு வெக்கம்லா.”

துரை ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்து, நிமிர்ந்து நடந்து போனார். நான் மலைத்து நின்றேன்.

மாலையில் அந்த இளைஞர் சமையலறையில் தனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டார். அதுவும் அரைக் கோப்பைதான். நாள் முழுவதும் தட்டேந்தி ஆடாத அந்தக் கைகள், கோப்பையை எடுத்ததும் நடுங்கின.

என்ன பட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் அவருக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டு, துடைத்த கரண்டிகளையே மறுபடி துடைத்தேன்.