ஒரு நாள் வீட்டுக்கு வாங்க

இது நடந்தது. என் வாயிலிருந்து புறப்படுகிற மற்றச் சங்கதிகளுக்குக் கொஞ்சம் கண், மூக்கு வைப்பேன், மறுக்கவில்லை. இதற்கு வைக்கவில்லை.

நான் திரிபுரசுந்தரி. ஹைதராபாத் பாலாநகரில் எங்கள் அபார்ட்மென்டில் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்பது வாட்ச்மேன் பாபுவின் நோட்டைவிட எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். மகன் வெளிநாட்டில். வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டேதான் வேலை செய்வேன்; சுவருக்கும் ஊர் நிலவரம் தெரிய வேண்டாமா? பதில் பேசுகிற ஒரே ஜீவன் எதிர்வீட்டு மைதிலி. ஃபேக்டரி பஸ் அவளைச் சாயந்திரம் ஆறு மணிக்கு இறக்கிவிடும். ஆறு பத்துக்கு என் காலிங் பெல். இரண்டு டம்ளர் காபி. என் நாள் விடிவதே அப்போதுதான்.

போன பிப்ரவரியில் மைதிலி, ஃபேக்டரி தருகிற பயணச் சலுகை எல்.டி.சி. காலாவதியாகப் போகிறது என்று அந்தமானுக்குக் கிளம்பினாள். என்னையும் இழுத்துக்கொண்டாள். எந்தத் தீவு என்று சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்கள் பிழைப்பைக் கெடுப்பானேன்?

இரண்டாம் நாள், காலை 10.50. ஸ்நார்க்ளிங், குழாயில் மூச்சு விட்டுக்கொண்டு கடலுக்குள் மீன் பார்ப்பது. படகுக்காரர் தினேஷ், தீவிலேயே பிறந்த தமிழர், மைதிலியின் முகத்தில் கண்ணாடியை மாட்டி வாயில் குழாயைச் செருகினார். கொசுமருந்து அடிக்க வந்த ஆள் மாதிரி இருந்தாள்.

"நீயும் வாடி. மீனெல்லாம் கிட்ட வந்து பாக்குமாம்."

"நக்கோ, வேண்டாம். என்னைப் பாக்கணும்னா அது கரைக்கு வரட்டும்."

"பத்து நிமிஷம். வந்துடறேன்."

11.40. வரவில்லை. தூரத்தில் தண்ணீருக்கு மேல் நாலைந்து குழாய் நுனிகள் மட்டும். எது அவள் என்று தெரியவில்லை. கரையில் ஈ, காக்கை இல்லை. இவ்வளவு தூரம் வந்தும் தனியாக உட்கார வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது போலும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். பக்கத்து மரத்தடியில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். பச்சைச் சுடிதார். நடந்து வந்த சத்தம் கேட்கவில்லை.

"தமிழா?" என்றேன்.

"ம்... ஷோபா."

"எந்த ஊர்?"

"போலாரம்."

விடுவேனா? ஹைதராபாத்துக்காரி கிடைத்துவிட்டாள். நகர்ந்து உட்கார்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் கூந்தலில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இடது காலில் நீல வார் செருப்பு. வலது காலில் ஒன்றுமில்லை.

"யாரோட வந்தேள்?"

"ஃப்ரெண்டோட. அவ ஊருக்குப் போயிட்டா."

"உங்களை விட்டுட்டா? நல்ல ஃப்ரெண்டு. நீங்க எப்போ கிளம்பறேள்?"

"தெரியல. யாரும் கூப்பிடல."

பாவமாக இருந்தது. அரைமணி நேரம் எங்கள் அபார்ட்மென்ட் கதை முழுவதும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை இல்லை. "ம்... ம்..." அவ்வளவுதான். என் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை.

12.15. மைதிலி கரையேறினாள். நான் எழுந்தேன். நாம் எல்லோரிடமும் சொல்வோமே, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூட... அதைச் சொன்னேன்.

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்கோ. பாலாநகர்தான். மூணாவது மாடி, பி-14."

சொன்னால் யாரும் வரமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தானே சொல்கிறோம்?

அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"வரலாமா?"

"தாராளமா."

பத்தடி போய்த் திரும்பினேன். மரத்தடியில் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பினோம்.

திங்கள். ஆறு பத்து. பெல் அடிக்கவில்லை.

செவ்வாய். ஆறு பத்து... இல்லை. எனக்குக் கோபம். ஆனாலும் இரண்டு டம்ளர் ஆற்றி வைத்தேன். சமையலறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் இரண்டும் காலி. நானே குடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஹாலில் காலடியில் மணல் நறநறத்தது. பெட்டியிலிருந்து கொட்டியிருக்கும் என்று பெருக்கினேன். மறுநாளும் பெருக்கினேன். அதற்கு மறுநாளும்...

ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் சண்டைக்குத் தயாராக மைதிலியின் கதவைத் தட்டினேன்.

"ஏண்டி, ஒரு டூர்ல அலுத்துப் போயிட்டேனா?"

அவள் விழித்தாள். "தினம் வாசல் வரைக்கும் வரேனே. விருந்தாளி இருக்காளேன்னு திரும்பிடறேன்."

"எந்த விருந்தாளி?"

"என்னைக் கேட்டா? நீ பேசிண்டே இருக்கே. யாரோ ம்... ம்...னு கேட்டுண்டிருக்கா. புது சிநேகிதம் கிடைச்சுடுத்து, நாம எதுக்குன்னு..."

நான் என் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"வாசல்ல செருப்புகூட கிடக்குமே. நீலம்."

"ஜோடியா?"

மைதிலி யோசித்தாள்.

"இல்ல... ஒண்ணுதான்."

படியிறங்கி ஓடினேன். மாலை 6.25. என் வீட்டுக்கு யார் வந்தது என்று கேட்டதும் பாபு நோட்டை நீட்டினான்.

நாங்கள் திரும்பிய மறுநாள். திங்கள். காலை 11.40.

பெயர், ஷோபா. ஊர், போலாரம். பார்க்க வந்த வீடு, பி-14.

"ஹவ், ஆமா மேடம், தலையெல்லாம் ஈரம். நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு சொன்னாங்க."

அங்கேயே நின்று அந்தமான் படகுக்காரர் தினேஷுக்குப் போன் செய்தேன். ஷோபா என்று பெயரைச் சொன்னேன்.

"மூணு வருஷம் ஆச்சும்மா," என்றார். "ரெண்டு பேரா தண்ணியில இறங்கினாங்க. ஃப்ரெண்ட் மட்டும் ஏறினாங்க. இவங்க கிடைக்கவே இல்ல. ஒரு செருப்புதான் ஒதுங்குச்சு... வலது கால்."

போனை வைத்தேன்.

பாபு நோட்டை மூடவில்லை. பேனாவைத் திறந்து, அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அது காலியாக இருந்தது.

"மேடம்... அவங்க எப்போ வெளிய போனாங்க? டைம் எழுதணும்."