பாதி ஆளாக மேடை ஏறாதவர்

எண்பதுகளின் நடுவில் ஜெனீவாவில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் எனக்கு வேலை. என் அகதிக் கேஸை நிராகரித்திருந்தார்கள். மேல்முறையீட்டின் முடிவு வரும்வரை படுக்கை விரிப்பு மடிக்கலாம். விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவர் பாக்தாத்தில் பிறந்த ஒரு யூதப் பெண். நான் அக்கா என்பேன். அவருடைய பிரெஞ்சு என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

வேலை செய்துகொண்டே அக்கா பாடுவார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அல்ஜீரியப் பெண் ஒருநாள் சிரித்தாள். அது ஒரு அரபுக் காதல் பாட்டின் மெட்டாம்.

"என்ரை அப்பா சனிக்கிழமைப் பிரார்த்தனையை இந்த மெட்டிலைதான் பாடுவார். சொல்லு மட்டும் எபிரேயம்" என்றார் அக்கா.

அவள் நம்பவில்லை. எனக்கு வியப்பே இல்லை. எங்கள் கோயில் திருவிழாவில் முருகனே சினிமா மெட்டில்தான் வருவார், யாரும் கோபித்ததில்லை.

அக்காவைக் கோபித்தவர்கள் பலர். சிறுமியாக இஸ்ரேல் போய் முகாமில் இருந்தபோது, அரபு பேசினால் ஆசிரியை வாயை மூடச் சொல்வாராம். இங்கே ஜெனீவாவின் யூதத் தொழுகைக்கூடத்திலும் அந்த அரபு மெட்டு வேண்டாம் என்றார்களாம். "நான் அரபு யூதச்சி" என்று சொல்லிவிட்டு, பெண்கள் பக்கத்திலிருந்து இன்னும் உரக்கப் பாடினாராம்.

தமிழ் அகதிகளான எங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஐ.நா. வாசலில் உள்ள நாசியோன் சதுக்கத்தில் கூட்டம் வைத்தார்கள். பிரெஞ்சு தெரிந்ததால் நான் பேசுவதாக ஏற்பாடு. அக்கா தானும் வந்து பாடுகிறேன் என்றார். கூட்டத்தை ஒழுங்குசெய்த அண்ணை அன்று என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, யூத அம்மா எண்டு மட்டும் சொல்லுவம், பேப்பர்காரருக்கு நல்லது. அரபு வேண்டாம். அவையின்ரை சண்டை எங்களுக்கு ஏன்? வேறை மெட்டிலை பாடச் சொல்லும்."

போய்ச் சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"உனக்காகக் கீழை நிக்கிறன். மேடைக்கு வந்தா முழுசாத்தான் வருவன்" என்றார் அக்கா.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாங்கள் பேசும் மொழிக்காகத்தானே ஊரில் எங்களை அடித்தார்கள்? இங்கே வந்து நாங்களும் அதையே செய்வதா?

"அண்ணை, அவ பாடாட்டி நானும் கதைக்க மாட்டன்."

"வெருட்டுறீரோ?"

"ஓம்."

அண்ணைக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்ல மட்டும்தான் தெரியும். வழிவிட்டார்.

'பாக்தாத்தின் அரபு யூதப் பெண்' என்று பிரெஞ்சிலும் தமிழிலும் நானே அறிவித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒரு சொல்லும் விளங்காத எங்கள் பெண்கள் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளம் போட்டார்கள். இறங்கி வந்தவரை ஒரு நிருபர் மறித்து, இஸ்ரேலின் பக்கமா, அரபுகளின் பக்கமா என்று கேட்டார். அக்கா என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார்.

"அரபு யூதச்சி ஒருத்தி இவளின்ரை பக்கம் நிக்கிறாள். அதை எழுதும்."

மறுநாள் பேப்பரில் 'ஒரு யூதப் பெண் பாடினார்' என்று இருந்தது. அவ்வளவுதான். வேலை முடிந்த கையோடு அக்கா பேப்பர் அலுவலகத்துக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்று என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். தகராறாகிப் பொலிஸ் வந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது, என்னைத்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். எனக்கும் அது தெரியும். அந்தக் கதவு மணியை அடித்தவள் நான்தான்.