அம்மாவிடம் சொல்லாமல் எடுத்த உறுதிமொழி

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பதினாறாம் நாளன்று பந்தியிலும் வாசலிலும் உங்களில் பலர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். கனடாவில் இத்தனை வருடம் இருந்தும் அம்மாவை ஏன் அழைத்துக்கொள்ளவில்லை என்பது ஒன்று. கூடப்பிறந்த அக்கா நான் இருக்கும்போது தம்பிக்கு வெளியார் ஒருவர் ஏன் பாதுகாவலராக வேண்டும் என்பது மற்றொன்று. அன்று என்னால் வாய் திறக்க முடியவில்லை. அம்மாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் அந்தப் பதில்களையும் எழுதாமல் முடியாது என்று தெரிகிறது.

அம்மா பிறந்தது புளியரையில். கேரள எல்லைக்கு முந்திய கடைசி ஊர் என்பதால், அவர் பேச்சில் இரண்டொரு மலையாளச் சொற்கள் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தன. ஐந்து பிள்ளைகளில் நான்காவது. செங்கோட்டையில் பத்தாம் வகுப்பு வரை படித்தார். பிறகு திருமணமாகி மேலகரம் வந்தார். அப்பா செங்கோட்டையில் மர அறுவை மில்லில் வேலை பார்த்தார். நான் பிறந்து ஆறு வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். பிரசவம் சிக்கலாகி, குழந்தை அழுவதற்கு வெகுநேரம் ஆயிற்று என்பார்கள். மூன்று வயதிலும் அவனுக்கு நடை தடுமாறியது, பேச்சு வரவில்லை. உடம்பு வளர்ந்தாலும் மனம் சிறு குழந்தையின் அளவிலேயே நிற்கும் என்று திருநெல்வேலி மருத்துவர் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது.

குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் உள்ள ஒரு லாட்ஜில் அறை கூட்டும் வேலைக்கு அம்மா சேர்ந்தார். அவருடைய கையெழுத்தைப் பார்த்த முதலாளி இரண்டே வருடத்தில் வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார். வருகிறவர்களின் பெயர், ஊர், எத்தனை பேர் என்று பதிவேட்டில் எழுதுவதுதான் வேலை. சாரல் அடிக்கும் மாதங்களில் ஒரு நாள்கூட லீவு கிடையாது. தம்பியையும் மினி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சாவிகளை எடுப்பதும் மாட்டுவதுமாக இருப்பான். அம்மா எழுந்து போகும் நேரங்களில் அவனைப் பார்த்துக்கொண்டவர், அங்கேயே துணி துவைக்கும் வேலை பார்த்த ஸ்டெல்லா சித்தி. அம்மாவை அவர் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குச் சித்தியானார். வேறு சொந்தம் எதுவும் இல்லை.

அந்தச் சம்பளத்தில்தான் நான் திருநெல்வேலியில் பொறியியல் படித்தேன். சென்னையில் வேலை கிடைத்தது, திருமணம் ஆயிற்று, கணவரோடு கனடா போனேன். ரயிலடிக்கு வழியனுப்ப வந்தபோது அம்மா அழவில்லை. தம்பிதான் ரயில் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தான்.

கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்ததும் அம்மாவையும் தம்பியையும் வரவழைக்க மனுச் செய்தேன். பெற்றோரை அழைக்க விரும்புகிறவர்கள் அங்கே ஏராளம் என்பதால், குலுக்கல்போலப் பெயர்களை எடுப்பார்கள். மூன்றாவது முறை எங்கள் பெயர் வந்தது. ஆனால் தம்பியின் நிலைமை தடையாகலாம் என்று விசாரித்தபோது தெரிந்தது. சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் அரசுக்குப் பெரும் சுமையாவார் என்று கருதினால் அவர்கள் மறுக்கலாம். குடும்பத்தில் ஒருவர் மறுக்கப்பட்டால் மற்றவருக்கும் இல்லை. நான் தொலைபேசியில் கலந்து பேசிய திருநெல்வேலி ஏஜென்ட் ஒருவர், தம்பியை மனுவில் காட்டவே வேண்டாம், முதலில் அம்மா போய்ச் சேரட்டும் என்றார். இப்போது மறைத்தால் பிறகு ஒருநாளும் அவனை அழைக்க முடியாது என்பதையும் நான் படித்திருந்தேன். படித்த பிறகும், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் ஒன்று என்று நிரப்பி, கையெழுத்துக்காக அம்மாவுக்கு அனுப்பினேன்.

தென்காசியில் அதை அச்செடுத்து வாங்கிக்கொண்டு அம்மா என்னைக் கூப்பிட்டார். தப்பாக அடித்துவிட்டாயா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன்.

“நாலு பேரு தங்குத ரூமுக்கு மூணுன்னு எழுதிக் குடுத்தா நானே ஒத்துக்கிட மாட்டேன். நான் பெத்தது ரெண்டு. ரெண்டுன்னே எழுது. வந்தா ரெண்டு பேரும் வருதோம். இல்லன்னா இங்கன இருக்கோம்.”

இரண்டு என்று எழுதித்தான் அனுப்பினோம். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். கடைசியில் இருவருக்கும் மறுத்துவிட்டார்கள். அம்மா அதைப் பற்றி வருத்தப்பட்டு ஒரு சொல் சொன்னதில்லை. அவர் இறந்த பிறகு பீரோவைத் திறந்தபோது அந்த முதல் தாள் இருந்தது. நான் போட்ட ஒன்று என்பதை அடித்து, பக்கத்தில் நீல மையில் தன் அழகான கையெழுத்தில் இரண்டு என்று எழுதி வைத்திருந்தார். யாரிடமும் அவர் அதைக் காட்டியதில்லை. நானும் காட்டவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அது. இரண்டாவதற்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவர்கள் ஒவ்வொரு ஐந்து வருடத்திலும் இத்தனை நாள் கனடாவில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் நான் நாட்களை எண்ணிக்கொண்டே இருப்பேன். நாளைக்கு அம்மா படுத்துவிட்டால் ஒன்றிரண்டு வருடம் கூடவே இருக்க வேண்டிவரும், அப்போது அந்த உரிமை போய்விடுமே என்ற பயம். கனடாவின் குடியுரிமையே எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டில் குடியேறிய இந்தியர்களுக்கான அட்டை வாங்கிக்கொண்டால் தென்காசியில் வேண்டிய மட்டும் இருக்கலாம். கணவரும் நானும் பல வாரம் பேசினோம். ஒரு தாளில் கோடு போட்டு, இந்தப் பக்கம் லாபம், அந்தப் பக்கம் நஷ்டம் என்று எழுதினோம். ஓட்டுரிமை போகும், விவசாய நிலம் வாங்க முடியாது என்றெல்லாம் எழுதினேன். அந்தத் தாளில் தம்பிக்கு என்று ஒரு வரி இல்லை.

ஒரு காலை நேரம் ஐம்பது அறுபது பேரோடு நின்று, வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நாட்டை விட்டுவிட்டாயா என்று கேட்டுவிடுவாரோ என்று தயக்கம். அட்டை கைக்கு வந்ததும் நேரில் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அதே மாதங்களில் அம்மாவும் என்னிடம் ஒன்றை மறைத்திருந்தார். உடம்பு இளைத்துக்கொண்டே போயிருக்கிறது. கணையத்தில் கட்டி என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லாமல் அம்மா செய்த முதல் காரியம், தென்காசி கலெக்டர் அலுவலகத்துக்குப் போனது. தம்பியைப் போன்றவர்களுக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்டிருக்கிறார்கள். என் மகள் இருக்கிறாள் என்றிருக்கிறார் அம்மா. வெளிநாட்டில் இருக்கிறாள் என்றதும், பாதுகாவலர் இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும், பாஸ்போர்ட் நகல் கொண்டுவாருங்கள் என்றிருக்கிறார்கள். அம்மா சந்தோஷமாகத் திரும்பி வந்திருக்கிறார்.

அம்மா லாட்ஜிலிருந்து கூப்பிட்டபோது எனக்குக் காலை, அவருக்குச் சாயங்காலம். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“உன் பாஸ்போர்ட்டு மொதப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் காப்பி எடுத்து அனுப்பு. தம்பிக்கு உன் பேரத்தான் குடுத்திருக்கேன்.”

உறுதிமொழி எடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. சொன்னேன். லாட்ஜ் வாசலில் யாரோ கார் கதவைச் சாத்துவது கேட்டது.

“ஏட்டி, எங்கிட்ட எதுக்குச் சொல்லல?”

“நேர்ல சொல்லலாம்னு இருந்தேம்மா. ஒங்க கூட வந்து இருக்கணும்னுதான் எடுத்தேன்.”

“சரி. நீ சாப்பிட்டியா?”

அதன் பிறகு அம்மா அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். சாப்பிட்டியா என்ற அந்த ஒரு கேள்வி மட்டும் என் பின்னாலேயே வருகிறது. தட்டை எடுத்து வைக்கிற நேரங்களில், பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல, தெளிவாகவே கேட்கிறது. நான் இப்போது இருக்கும் இந்த மேலகரத்து வீட்டில் இன்னும் பக்கத்தில் கேட்கிறது.

அம்மா சொந்தத்தில் மூன்று பேரிடம் போய்க் கேட்டதாகப் பிறகு அறிந்தேன். அவரவர் வீட்டில் அவரவர் கஷ்டம். யார் யார் என்று அம்மா சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. யார்மேலும் எனக்குக் குறையும் இல்லை. நாலாவதாகத்தான் ஸ்டெல்லா சித்தியிடம் கேட்டிருக்கிறார். மனுவில் அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் தன் நோயை எனக்குச் சொன்னார்.

பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டதால் அட்டை வரும்வரை நான் கனடாவிலேயே தவித்துக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது அம்மா எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், புதுப் பாஸ்போர்ட்டைக் காட்டு என்றார். லாட்ஜுக்கு வரும் வெளிநாட்டவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிப் பழகியவர் அல்லவா, புரட்டாமல் நேராக விவரங்கள் உள்ள பக்கத்துக்கே போனார். என் பெயரைப் படித்தார். எந்த நாட்டவர் என்ற இடத்தில் விரல் நிற்கவில்லை. பிறந்த ஊர் என்ற இடத்தில் நின்றது. அங்கே தென்காசி என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

“ஊர மாத்தலியே,” என்றார். மூடி என் கையில் கொடுத்தார்.

பத்தொன்பது நாட்கள் அம்மாவோடு இருந்தேன். தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன், கால் அமுக்கினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் தண்ணீர் வேண்டும் என்பார், ஜன்னலைத் திற என்பார். கடைசி நாள் காலையில் வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னார். நான் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மூச்சு அடங்கியிருந்தது.

தம்பி கொள்ளி வைத்தான். சித்தப்பா மகன் அவன் கையைப் பிடித்திருந்தார். அவனுக்கு அது என்னவென்று விளங்கியதா தெரியவில்லை. ஆனால் ஒன்று எழுத வேண்டும். இத்தனை வருடமும் தம்பி என்னைப் பார்த்தது பெரும்பாலும் கைப்பேசியில்தான். நான் ஊருக்கு வந்த புதிதில், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், அம்மாவின் கைப்பேசியை எடுத்து அதற்குள் என்னைத் தேடுவான். இப்போது தினமும் சாயங்காலம் அதே கைப்பேசியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, அவனுக்கு வரும் நாலைந்து சொற்களில் ஒன்றான ‘அம்மா’ என்பதைச் சொல்கிறான். புகைப்படத்தைக் காட்டினால் தள்ளிவிடுகிறான். அம்மா அசைய வேண்டும், பேச வேண்டும். வீட்டை விட்டுப் போனவர்கள் அதற்குள்தான் இருப்பார்கள் என்று நம்புகிறான். அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். இருட்டிக் கிடக்கும் அந்தத் திரையை அவன் பார்க்கும்போது, நானும் சேர்ந்து பார்க்கிறேன். அது ஒளிரப் போகிறது என்று ஒரு கணம் எனக்கும் தோன்றிவிடுகிறது.

நான் மேலகரத்து வீட்டிலேயே இருந்துகொண்டு வேலை பார்க்கிறேன். கணவர் வந்துபோகிறார். இந்தியக் குடியுரிமையைத் திரும்பப் பெறவும் ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பல வருடம் ஆகும் என்கிறார்கள். விசாரித்து வைத்திருக்கிறேன். இந்த முறை எல்லாவற்றையும் தம்பியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டுதான் முடிவு செய்வோம்.

அம்மாவுக்கு மருத்துவம் பார்த்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், சீசன் நேரத்திலும் லாட்ஜை ஒரு நாள் மூடிவிட்டு எல்லோரையும் அனுப்பிவைத்த முதலாளிக்கும், அம்மாவைத் தூக்கிச் சென்ற மேலகரத்துப் பிள்ளைகளுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், தூரத்திலிருந்து வந்து நின்ற உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி. விட்டுப்போன பெயர்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா சித்திக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாததால், நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன். போன மாதம் பாதுகாவலர் நியமனத்துக்காகக் கலெக்டர் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மேசைக்கு முன்னால் சித்தியும் தம்பியும் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்றேன். இவருக்கு நீங்கள் என்ன உறவு என்று அதிகாரி சித்தியிடம் கேட்டார்.

“உறவு ஒண்ணும் இல்லய்யா. அவிய அம்மா கூட வேல பாத்தேன். இவனப் பாத்துக்கிடுதியான்னு கேட்டாவ. சரின்னு சொல்லிட்டேன்.”

அதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். சித்தி எழுத்துக் கூட்டி மெதுவாகக் கையெழுத்திட்டார். பிறகு தம்பியிடம், உனக்கு இவர்களோடு இருக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. எழுந்து, சித்தியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகக் கதவருகே போய் நின்றான்.

அம்மாவின் மகள்
மேலகரம், தென்காசி