நகராத பிலிம்

என் வீட்டுக்காரருக்கு முன்னால் யாரும் தப்பித் தவறியும் கமெராவைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது. தான் சேர்க்கிற கமெராக்களைச் செய்த ஜப்பான் கம்பெனி முதலில் நுணுக்குக்காட்டி, அதுதான் மைக்ரோஸ்கோப், செய்து விற்றதில் தொடங்குவார். கைக்கு அடக்கமான பிலிம் கமெராக்களால் பேரெடுத்தது, பிறகு டிஜிட்டல் வந்தது, போன் வந்தது, கடைசியில் கமெராப் பகுதியையே விற்றுவிட்டு ஒதுங்கியது வரை ஒப்புவித்துவிட்டுத்தான் ஆளை விடுவார். கனடாவில், மார்க்கம் நகரில், எங்கள் வீட்டு பேஸ்மென்ற் முழுக்க அந்தக் கமெராக்கள்தான். கம்பெனியே தலைமுழுகிய பிள்ளைகளை நாங்கள் வளர்க்கிறோம் என்று நான் பகிடி பண்ணுவேன்.

என் தம்பி பக்கத்தில் வோபர்ன் என்ற இடத்தில் தனியாக இருந்தவன். முந்தின மாரிக் குளிரில் ஒருநாள் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. அதே கிழமை யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு இதயத்தில் ஒப்பரேஷன். சொன்னால் அவரும் போய்விடுவார் என்று அக்கா பயந்தார். சாவை ஒளிப்பதில் எங்கள் சனம் கெட்டிக்காரர். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. தம்பி வேலையாகக் கனடாவின் வடக்கே தூரத்துக்குப் போயிருக்கிறான், அங்கே போன் வேலை செய்யாது என்று அம்மாவுக்குச் சொன்னோம்.

சவப்பெட்டியில் கிடந்த முகத்தை யாராவது போனில் எடுத்தால், நாங்கள் வீடு திரும்ப முன்னரே அது வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போய்விடும். அதனால் அக்கா பியூனரல் ஹோம் வாசலிலேயே நின்றார்.

"ஒருத்தரும் போனில படம் எடுக்கப்படாது. அம்மாவுக்குக் காட்டுறதுக்குத் தங்கச்சியின்ர மனிசன் பிலிம் கமெராவில எடுப்பார். கழுவுற வரைக்கும் அது ஒரு இடமும் போகாது."

இவர் கொண்டுவந்தது பட்டரி இல்லாமலே படம் எடுக்கிற பழைய கமெரா. எந்தக் குளிரிலும் இது சாகாது என்பார். பிலிமின் நுனியைக் கையால் செருகி, பிலிமை நகர்த்தும் நெம்பைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழும் கூடச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழன்றால் பிலிம் ஓடுகிறது. கேட்டுக் கேட்டு எனக்கே அது மனப்பாடம். அன்று கார் பார்க்கில் விறைத்த கையோடு பிலிமைப் போட்டார். தம்பியைத் தன் கூடப்பிறந்தவன் போல வைத்திருந்தவர், கண் நிறைய நீர். குமிழைப் பார்க்கவில்லை.

முகத்தை எடுத்தார். வாய்க்கரிசி போட்ட கைகளை எடுத்தார். அக்கா பெட்டியைப் பிடித்துக் கதறியதையும் எடுத்தார். எத்தனை படம் என்று காட்டும் இலக்கம் ஒழுங்காக ஏறிக்கொண்டே போனது. பிலிம் ஓடாவிட்டாலும் அது ஏறும்.

தகனம் முடிந்து வீட்டுக்கு வந்து பிலிமைத் திருப்பிச் சுற்றினார்.

"இறுக்கமே இல்லையப்பா. சும்மா சுத்துது. பிலிம் நகரவே இல்லை. ஒரு படமும் இல்லை."

அந்தக் கமெராவை நடுரோட்டில் அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது. படியில் குந்தி அவர் விம்மியதைப் பார்த்தபின் அதை வாங்கி மேசையில் வைத்தேன். வந்தவர்கள் எல்லோருக்கும் போன் எடுத்துக் கெஞ்சினேன்: களவாகவாவது ஒரு படம்? ஒருவரும் எடுக்கவில்லை. எங்கள் சனம் வாழ்நாளில் முதல்தடவையாகச் சொல்வழி கேட்டிருந்தது. நாசமாய்ப் போக.

அம்மா தேறி வீட்டுக்கு வந்தபின் வீடியோவில் அக்கா உண்மையைச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா அழவில்லை.

"முகத்தைக் காட்டு."

"படம் பிழைச்சுப்போச்சம்மா."

"ஒண்டுகூடவோ? இந்தக் காலத்திலயோ?"

அக்கா மரணச் சான்றிதழைப் போனுக்கு முன்னால் பிடித்தார்.

"கடுதாசி ஆரும் அடிக்கலாம். அவன் வடக்க வேலைக்குப் போனவன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அவனுக்கு என்னோட என்னவோ கோவம். அதுதான் கதைக்கிறானில்லை. கதைக்கச் சொல்லுங்கோ."

அழுது பார்த்தோம், சத்தியம் பண்ணினோம். எங்கள் பொய்யை நம்பிய அம்மா உண்மையை நம்பவேயில்லை. போன் எடுக்கும்போதெல்லாம் அவனைத்தான் கேட்பார்.

தம்பி செத்து ஒரு வருஷம் முடிந்த ஆட்டைத் திவசத்தன்றும் அம்மா போன் எடுத்தார். ஐயர் போய்விட்டார். மேசையில் வாழையிலை விரித்து, தம்பிக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் வடையும் படைத்திருந்தோம். இன்னும் இலையை எடுக்கவில்லை.

"பிள்ளை, அவன் சாப்பிட்டானோ?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"ஓம் அம்மா," என்றேன். "இப்பதான் சாப்பிட்டவன்."