கண்டும் காணாமல்

எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் ‘கண்டும் காணாம’ என்ற பேச்சு பெரும்பாலும் திட்டுவதற்குத்தான். பயிரில் மாடு இறங்கியதைப் பார்த்தும் விரட்டாமல் போனவனை அப்படிச் சொல்வார்கள். அதற்கு இன்னொரு பொருள் உண்டென்று எனக்குத் தெரிந்தது, பக்கவாதத்தில் என் வீட்டுக்காரருக்கு வலது கை விழுந்து, பேச்சும் திக்கிப்போன பிறகுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இடது கையால் சாப்பிடப் பழகினார். சோறு சிந்தும். நான் ஓடிப்போய்த் துடைப்பேன், ஊட்டப் போவேன். சில நாளில், “பசியில்ல” என்று தட்டைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் தடியூன்றி ராவுத்தர் டீக்கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ராவுத்தர் அரை டம்ளர் டீ கொடுத்தார். இவர் கை நடுங்கி வேட்டியெல்லாம் டீ. ராவுத்தரோ திரும்பி நின்று பிஸ்கட் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவர் வெளியே இறங்கியதும் ராவுத்தரிடம் கேட்டேன்: “ஏனுங்க, நீங்க பாக்கலீங்களா?”

“பாத்தேன்க்கா. கண்டும் காணாம இருந்தேன். கையப் புடிச்சிருந்தா அண்ணன் நாளைக்கு இந்தப் பக்கமே வரமாட்டாரு.”

மறுநாளும் இவர் டீக்கடைக்குப் போனார்.

அதன்பின் சோற்றை வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவேன். தட்டு நகரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துவிடத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

“ஏம்புள்ள... வெறும் காம்பையே... உருவறே?” என்றார் ஒருநாள். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தட்டு காலியாக இருந்தது.

தோட்டத்துக்கும் தனியாகவே போகத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. ஒரு காலையில் வரப்பில் வழுக்கி விழுந்து, முட்டி வீங்கிப்போனது. நாத்தனார் ஓடிவந்தார்.

“நடக்கமாட்டாத மனுசன இப்பிடிக் கண்டும் காணாம உட்டுப்போட்டயே! உனக்கு மனசே இல்லியா?”

நாத்தனார் சொன்னது சரிதானோ என்றுகூட எனக்குப் பட்டது.

கட்டிலில் கிடந்தவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: “அக்கா... நாந்தான்... பின்னால வரவேண்டாம்னு... சொன்னேன்.”

அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

வீக்கம் வடிந்ததும் மறுபடி தடியை எடுத்தார். “ஏனுங்க, வரப்பு ஈரமா இருக்குது” என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, வரப்பில் இறங்காமல் மேட்டுப்பாதையில் மெதுவாக நடந்து போனார்.