நான்கு பின்னேரங்கள்

அறிவித்தலை நான் குழுவில் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி நான்கு நிமிடத்துக்கு. முதல் கோபம் பத்து ஆறுக்கு வந்தது. மனைவி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது எண்பத்தேழு செய்திகள் சேர்ந்திருந்தன. வாழ்த்து ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றைப் போட்டவர் சிறிது நேரத்தில் அதை அழித்துவிட்டார்.

அது எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைக்கான வட்ஸ்அப் குழு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு கோடையிலும் யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் இங்கே ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்துகிறார்கள். எங்கள் அணியில் பதினெட்டுப் பெடியன்கள். பதினான்கு பேர் பழைய மாணவர்களின் பிள்ளைகள், இங்கேயே பிறந்தவர்கள். கடந்த ஆறு வருடமும் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். வாங்கியது இருபத்துமூன்று கோல், போட்டது நான்கு. இந்தக் கணக்கெல்லாம் என்னிடம் இருப்பதற்குக் காரணம், சங்கத்தின் பதிவுகளை வைத்திருந்தவனும் அறிவித்தல்களை எழுதிக் கீழே பெயர் போட்டவனும் நான்தான். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவன் என்பதால் இங்கேயும் எனக்கு 'சேவயர் அண்ணை' என்றுதான் பெயர்.

அணிக்குப் புதிய கோச் ஒருவரை நியமித்திருக்கிறோம் என்பதே அறிவித்தல். செயற்குழுவில் ஏழு பேர். நான்குக்கு மூன்று என்று முடிவானது. நான்கில் ஒன்று என் கை. அவரைவிடத் தகுதியான ஒருவரை நாங்கள் காணவில்லை. அவரிடம் இருந்த ஒரே குறை, அவர் படித்தது றோட்டுக்கு அங்காலை உள்ள மற்றக் கல்லூரியில் என்பது. படித்தது மட்டுமல்ல, வருடாந்தப் போட்டியொன்றில் எங்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டவர். இரண்டாவது, கடைசி நிமிடத்தில். அதை நேரில் பார்த்து அழுதவர்கள் குழுவில் முப்பது பேராவது இருப்பார்கள்.

"எங்கடை கல்லூரியிலை பந்து உதைக்கத் தெரிஞ்ச ஒருத்தனும் மிஞ்சேல்லையோ?"

"அடுத்த வருசம் அவங்கடை கல்லூரிக் கீதத்தையும் பாடமாக்குவம், சுகமாயிருக்கும்."

"சேவயர் அண்ணை எல்லை அளக்கேக்கை சங்கிலியோடை றோட்டுக்கு அங்காலை போட்டார்."

இதற்கு நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். சிரிக்காதவர் எங்கள் கல்லூரியின் முன்னாள் கப்டன். இப்போது மோர்டனில் பயண முகவர் நிலையம் வைத்திருப்பவர். அந்தக் கடைசி நிமிடக் கோல் அவருடைய கால்களுக்கு நடுவால் போனது. அவர் எழுதியது ஒரு வரிதான்: "அவன் கோச்செண்டால் என்ரை மகன் விளையாட மாட்டான்."

கோச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தாறு வயது, கிங்ஸ்பரியில் மனைவியோடு இரண்டு அறை வீட்டில் இருந்தார். பாண் சுடும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஊரில் அவரை இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டார்கள். மூன்றாம் தடவை வந்தால் விடமாட்டார்கள் என்று மனைவியின் சித்தி வீட்டில் ஏழு மாதம் வெளியே வராமல் ஒளிந்திருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். அகதி விண்ணப்பத்தைக் கேட்டு விசாரித்து ஐந்து வருடம் விசா கொடுத்தார்கள். அது முடிந்து, நிரந்தரமாக இருக்க விண்ணப்பம் போட்டு எட்டு மாதமாகிறது, பதில் இல்லை. செயற்குழு அவரைக் கூப்பிட்டுப் பேசிய அன்று இதையெல்லாம் அவரே சொன்னார். "பிறகு ஒளிச்சுப்போட்டான் எண்டு சொல்லக்கூடாது" என்றார். ஏழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை மோர்டனில் ஒரு மண்டபத்தில் அவசரக் கூட்டம். அறுபத்துநான்கு கதிரை போட்டிருந்தோம், வந்தது தொண்ணூற்றொரு பேர். வருடாந்தப் பொதுக் கூட்டத்துக்கு இருபது பேரைச் சேர்க்கப் படாத பாடு படுகிறவர்கள் நாங்கள். எழுபத்துமூன்று கையெழுத்தோடு ஒரு மனுவைக் கப்டன் மேசையில் வைத்தார்.

"அண்ணை, இது பகையில்லை. மரியாதைப் பிரச்சினை," என்றார்.

"பெடியன்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கு, தம்பி. ரெண்டு பயிற்சி முடிஞ்சிட்டுது. பதினெட்டுப் பேரும் வந்தவங்கள்."

"பெடியன்களுக்கு என்ன தெரியும்? அவங்களுக்குக் கல்லூரியெண்டால் ரீசேட்டிலை இருக்கிற படம்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "எங்கடை கல்லூரிக்கு அவர் என்ன செய்தவர்? ரெண்டு கோல் அடிச்சதைத் தவிர?"

மண்டபம் சிரித்தது. அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்தது. வீட்டுக்கு வந்து கோச்சுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன், எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு எப்போதாவது பயிற்சி கொடுத்தீர்களா என்று. அவர் யோசித்துவிட்டுச் சிரித்தார். ஒளிந்திருந்த அந்த ஏழு மாதத்தில், சித்தி வீட்டு வேலிக்குப் பின்னால் ஒரு வெளி. பின்னேரங்களில் பத்தொன்பது பிள்ளைகள் ஒழுங்கில்லாமல் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் போய் நான்கு பின்னேரம் சொல்லிக்கொடுத்தாராம். ஐந்தாம் நாள் அவருடைய மனைவி பொட்டை அடைத்துவிட்டா. "அதிலை மூண்டு பேர் உங்கடை கல்லூரிக்காரர் அண்ணை. அதுவும் கணக்கோ?" என்றார்.

கணக்குத்தான். ஆனால் அதை நான் எழுதிய விதம் வேறு. எங்கள் ஆண்டு மலர்களிலும் பாராட்டு மடல்களிலும் ஒருவரைப் பற்றி எழுதும்போது யாரும் உள்ளதை உள்ளபடி எழுதுவதில்லை. இரண்டு கூட்டத்துக்கு வந்தவர் 'சங்கத்தின் தூண்' ஆவார். நாற்பது வருடம் அங்குலக் கணக்குப் பார்த்தவன், அன்று எழுதினேன்: "இடர்மிகுந்த அக்காலத்தில், தம் உயிரையும் பொருட்படுத்தாது, ஒரு பருவம் முழுவதும் எமது கல்லூரி மாணவர்களுக்கும் பயிற்சியளித்தார்." ஊரின் பெயரையும் வருடத்தையும் போட்டேன். திரும்ப வாசித்தபோது நன்றாக இருந்தது. அவரிடம் காட்டாமலே குழுவில் போட்டேன். அன்று பின்னேரத்துக்குள் எழுபத்துமூன்று கையெழுத்தில் பதினொரு பேர் பின்வாங்கினார்கள். வென்றுவிட்டோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

நான்காம் நாள், புதன்கிழமை காலை, குழுவில் ஒரு படம் வந்தது. என் அறிவித்தலின் படம். 'ஒரு பருவம் முழுவதும்' என்ற சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு. அதன் கீழே: "இந்தப் பருவத்திலை வீட்டை விட்டு வெளியிலை வரேல்லை எண்டு இவர் வேறை இடத்திலை சொல்லியிருக்கிறாராம். உரிய இடத்துக்கும் இது தெரிஞ்சால் நல்லம்தானே?"

பெயரில்லாத இலக்கம். குழுவில் சேர்ந்து மூன்று நாள். சேர்க்கக்கூடியவர்கள் செயற்குழுவின் ஏழு பேர் மட்டும்.

மணிக்கு நாற்பது செய்தி ஓடிக்கொண்டிருந்த குழு அது. அதன் பிறகு ஐம்பத்தொரு நிமிடம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நான் ஃபோனைக் குசினி மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த இலக்கம் குழுவிலிருந்து விலகிப் போனது.

ஊரில் இதை மொட்டைக் கடிதம் என்போம். பெயரும் கையெழுத்தும் இல்லாமல் மேலிடத்துக்குப் போகிற கடிதம். நான் வேலை பார்த்த கந்தோரில் அப்படி மூன்று வந்ததைக் கண்டிருக்கிறேன். மூன்று பேருக்கும் இடமாற்றம் கிடைத்தது. இரண்டு கடிதங்கள் பொய் என்று பிறகு தெரிந்தது. இடமாற்றம் மாறவில்லை. அங்கே அனுப்பினால் மன்னாருக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்புவார்கள். இங்கே எங்கே அனுப்புவார்கள் என்பது குழுவில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பாதிப்பேர் அதே கதவால் உள்ளே வந்தவர்கள்.

அன்றே கிங்ஸ்பரிக்குப் போனேன். மோர்டனிலிருந்து லண்டன் பிரிட்ஜில் ரயில் மாறி முப்பது நிறுத்தம். ஏறுகிற தமிழ் முகம் ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒன்பது. ஒன்பதும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கோச் கதவைத் திறந்தார். அவருக்கு யாரோ படத்தை அனுப்பியிருந்தார்கள். மனைவி தேத்தண்ணி தரவில்லை, சுவரோடு நின்றா.

"நாலு பின்னேரம் எண்டெல்லோ அண்ணை நான் சொன்னனான்?"

"ஓம்."

"நீங்கள் ஏன் பருவம் எண்டு எழுதினீங்கள்?"

"ஆக்கள் அமைதியாகட்டும் எண்டு."

"இப்ப அமைதியாத்தான் இருக்கினம்," என்றா மனைவி.

அவர் கையைக் காட்டி அவவை நிறுத்தினார். "விசாரணையிலை, வெளியிலை போனியோ எண்டு கேட்டவை. இல்லை எண்டு சொன்னனான். நாலு பின்னேரம் வேலிக்கு அங்காலை போனது வெளியிலை போனது எண்டு எனக்கு அப்ப படேல்லை. அதை விளங்கப்படுத்தலாம் அண்ணை. ஒரு பருவத்தை எப்பிடி விளங்கப்படுத்திறது?"

நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. திரும்பி வந்து, சட்டையும் மாற்றாமல், குழுவில் எழுதினேன். கோச் சொன்னது நான்கு பின்னேரம் மட்டுமே. ஒரு பருவம் என்பது நான் அவருக்குத் தெரியாமல் கூட்டி எழுதிய பொய். பிழை முழுவதும் என்னுடையது. கீழே முழுப்பெயர், வழமைபோல.

"அப்ப பொய் சொல்லித்தான் ஆளைக் கொண்டுவந்திருக்கினம்."

"அண்ணைக்கு எழுபத்தெட்டு. நாலுக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் தெரியாத வயசு."

"இன்னும் எத்தினை கணக்கு இப்பிடி எழுதிக் கிடக்கோ?"

இவற்றை எதிர்பார்த்தேதான் எழுதினேன். வெள்ளிக்கிழமை செயற்குழு கூடி, ஆறுக்கு ஒன்றாக நியமனத்தை ரத்துச் செய்தது. பதிவுக் கொப்பிகளையும் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். கை உயர்த்திய ஆறு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இவர்களில் ஒருவர்தான் அந்த இலக்கத்தைச் சேர்த்தவர். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஆறு பேரும் பார்க்காதபோது அதிலிருந்து எதைக் கண்டுபிடிப்பது?

அன்று கப்டனிடமிருந்து அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தேன்.

"அண்ணை, அது நானில்லை."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே தம்பி."

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். நான் அவனை மைதானத்தாலை கலைக்க நிண்டனான், நாட்டாலை இல்லை. என்ரை கேஸ் எட்டு வருசம் இழுபட்டது உங்களுக்குத் தெரியுமெல்லோ?" பிறகு கேட்டார்: "அனுப்பியிருப்பினமோ?"

தெரியவில்லை என்றேன். நான் எழுதியதைப் பார்த்து அனுப்பாமல் விட்டிருப்பார்கள் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

குழுவில் அந்தப் படம் வந்த பத்தொன்பதாம் நாள் கோச் ஃபோன் எடுத்தார். "அண்ணை, லோயர் உங்களைக் காண வேணுமாம்."

லோயரின் அலுவலகம் விம்பிள்டனில் ஒரு கடைக்கு மேலே. லோயர் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை, முப்பது வயதிருக்கும். மேசையில் இரண்டு தாள். ஒன்று இமிகிரேஷனிலிருந்து வந்த கடிதம், விளக்கம் கேட்டு. மற்றது அதோடு இணைத்திருந்தது: என் அறிவித்தல், ஆங்கிலத்தில். நல்ல மொழிபெயர்ப்பு. 'உயிரையும் பொருட்படுத்தாது' என்பதைக்கூட விடாமல் செய்திருந்தார்கள். யாரோ நேரம் எடுத்துச் செய்த வேலை.

"அங்கிள், இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம்."

"பிழையெண்டு பிறகு போட்டதும் நீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை."

"அதை அவை அனுப்பேல்லை. நான் அனுப்புறன், உங்கடை ஸ்டேட்மென்ட்டோடை. ஆனால் ஒண்டு சொல்லவேணும்." அவ பேனையை மூடினா. "முதலாவதை எழுதேக்கை உங்களை ஆரும் பயப்படுத்தேல்லை. ரெண்டாவதை வெருட்டல் வந்த பிறகு எழுதியிருக்கிறீங்கள். ரெண்டுக்குக் கீழையும் உங்கடை பேர். ஒரு ஒபிசர் எதை நம்புவார்?"

கோச் எனக்குப் பக்கத்துக் கதிரையில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தார். பிறகு நான்கு பின்னேரங்களைப் பற்றி இரண்டரைப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன்.

கீழே பஸ் தரிப்பில் கோச் சொன்னார்: "அண்ணை, வலது பக்கத்திலை ஓடுற அந்தப் பெடியனை நடுவிலை விடச் சொல்லுங்கோ. அவன் ரெண்டு காலாலையும் அடிப்பான்." அது கப்டனின் மகன். நான் சொன்னேன். அப்படியே விட்டார்கள். முதல் சுற்றில் மூன்றுக்கு ஒன்று என்று வென்றோம். குழுவில் நூற்று நாற்பது கைதட்டல். கோச்சின் பெயரை ஒருவரும் எழுதவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு ஃபோன் எடுத்தேன். அவருக்கு ஷிப்ட் இல்லாத நாள் அது. முதல் ஐந்து சனியும் அவரே எடுத்தார். ஆறாவது சனி மனைவி எடுத்தா.

"அவர் வேலைக்குப் போட்டார், ஐயா."

"இண்டைக்கு வேலை இல்லையெல்லோ, பிள்ளை?"

பின்னால் தொலைக்காட்சியில் ஓர் உதைபந்தாட்டப் போட்டி ஓடும் சத்தம். யாரோ அதைக் குறைத்தார்கள்.

"கடிதம் ஒண்டும் வரேல்லை," என்றா. "வந்தால் நாங்கள் ஃபோன் எடுக்கிறம். நீங்கள் எடுக்காதேங்கோ."