ரஷீத் இக்கா கேட்ட அகலம்

செவ்வாய்க்கிழமை காலை ரஷீத் இக்காவின் மகள் நஸீமாவிடமிருந்து செய்தி வந்தது. மட்டாஞ்சேரியில் அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ். அவள் எழுதப் படிக்கக் கற்றது மலையாளம். அதனால் தமிழை மலையாள எழுத்தில் எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டித்தான் என்னால் படிக்க முடியும். "வாப்பா இன்னிக்கு சுபுஹுக்கு மௌத்தாயிட்டாங்க." கடைசிச் சொல்லை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். விடியற்காலைத் தொழுகை நேரத்தில் இக்கா இறந்துவிட்டார்.

காக்கநாட்டு அலுவலகத்தில் எங்களோடு இருந்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செயற்கைக்கோளிலிருந்து பூமியைப் படம் பிடிக்கும் கேமராக்களை நானும் அவரும் பன்னிரண்டு ஆண்டுகள் வடிவமைத்தோம். அதில் ஓராண்டுக்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கேமராவில் நுணுக்கத்தைக் கூட்டினால் படத்தின் அகலம் குறையும். எனக்குத் தெருவில் நிற்கும் கார் தெரிய வேண்டும். அவருக்கு ஒரு முறை கடக்கும்போதே ஆறும் இரு கரையும் தெரிய வேண்டும். "இந்தப் படம் யாருக்கு சாரே? காரைத் தேடுறவனுக்கா, கரையில இருக்கிறவனுக்கா?" என்று ஆய்வுக் கூட்டத்தில் கேட்டார். அவர் குடும்பம் மிளகு வியாபாரம் செய்தது. "மிளகு மண்டியில உட்கார்ந்து யோசிக்கிறீங்க" என்றேன். சிலர் சிரித்தார்கள். என் வடிவமே தேர்வானது. அவர் தன் தாள்களை மடித்துக்கொண்டு வெளியே போனார். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது.

கேமரா மேலே போன பிறகு வந்த மழையில் பெரியாறு கரை மீறியது. மேகம் விலகிய ஒரே காலையில் எங்கள் படம் வந்தது. ஆற்றங்கரை ஊரான ஆலுவாவின் ஒரு பாதி அத்தனை தெளிவு. மறுபாதி படத்திலேயே இல்லை. மீட்புப் பணியிலிருந்த ஒருவர் போனில், "பாக்கி எவிடே சாரே?" என்று மீதி ஊர் எங்கே எனக் கேட்டார். அடுத்த முறை அந்த இடத்தைக் கடக்கப் பல நாட்கள் இருந்தன.

மறுநாள் ரஷீத் இக்கா இரண்டு சாயாவோடு என் மேசைக்கு வந்தார். குத்திக்காட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு தாளை விரித்தார். என் கேமராவையே இரண்டாக, அருகருகே வரைந்திருந்தார். இரண்டும் அடுத்தடுத்த நிலத்தைப் பார்த்தன.

"உங்க கேமரா மோசமில்ல சாரே. ஒண்ணு போதாது, அத்ரேயுள்ளு, அவ்வளவுதான்."

தாளின் மூலையில் தேதி இருந்தது. அந்த ஆய்வுக் கூட்டத்துக்கு அடுத்த வாரமே வரைந்தது.

"அப்பவே ஏன் காட்டல இக்கா?"

"எனக்கு வாசி, பிடிவாதம். நீங்களும் கேக்கல." ஒரு சாயாவை என் பக்கம் நகர்த்தி, "ரெண்டு பேருக்கும் தப்புதான்" என்றார்.

மண்டி என்று சொன்னதற்கு அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த செயற்கைக்கோளில் இரட்டைக் கேமரா போனது.

கூட்டத்தில் யாருடைய யோசனை தோற்றாலும், மறுநாள் காலை அவர் மேசைக்கு நானே போகிறேன். "உங்ககிட்ட இன்னும் என்ன இருக்கு, காட்டுங்க" என்று கேட்கிறேன். ரஷீத் இக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம். அவரை அடக்கம் செய்த மறுநாளும், முந்தின நாள் கூட்டத்தில் யோசனை தோற்ற ஒருவரின் மேசைக்குப் போனேன்.